ஒரே பாஸ்போர்ட், பல விசாக்கள்: குன்னூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

குன்னூர் ஏலத்தில் தேயிலை வாங்கி ஏற்றுமதி செய்கிறவர்களின் வருடம் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும். வருடத் தொடக்கத்தில் துபாயில் கல்ஃபுட் உணவுக் கண்காட்சி, பிப்ரவரியில் மாஸ்கோவில் அதே மாதிரி புரோடெக்ஸ்போ. அக்டோபர் வந்தால், ஒற்றைப்படை ஆண்டில் கொலோனில் அனுகா, இரட்டைப்படை ஆண்டில் பாரீஸில் சியால். இடையில் ஹாம்பர்க், வார்சா, மொம்பாசா, கொழும்பு. இத்தனைக்கும் கையில் இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட். பிரிட்டனும் அமெரிக்காவும் அடிக்கடி பயணம் போகும் தங்கள் குடிமக்களுக்கு, காரணம் காட்டினால் இரண்டாவது பாஸ்போர்ட்டும் தருகின்றன. இந்தியாவில் சாதாரண பாஸ்போர்ட் ஆளுக்கு ஒன்றுதான். அதை ஒரு தூதரகத்தில் கொடுத்துவிட்டால் திரும்பி வரும்வரை வேறு நாட்டுக்குப் போகவும் முடியாது, வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

அதனால் பயணத் தேதிகளைக் குறித்து வைப்பதற்கு முன்னால், பாஸ்போர்ட் எந்த வாரத்தில் யார் கையில் இருக்கும் என்று குறித்து வையுங்கள். மலையில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னையில் இருப்பவர் மத்தியானம் போய்ப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு ராத்திரி விமானம் ஏறிவிடலாம். நமக்குக் கூரியர் மேலே ஏறி வர வேண்டும், அல்லது நாம் கீழே இறங்கிப் போக வேண்டும்.

விசாக்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டியவை ஒரு பக்கம், ஆன்லைனில் எண்ணை மட்டும் கொடுத்து வாங்குபவை இன்னொரு பக்கம். ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதி, அமெரிக்கா எல்லாம் முதல் வகை. துபாய், ரஷ்யாவின் இ-விசா, கென்யாவின் இடிஏ என்கிற ஆன்லைன் பயண அனுமதி, இலங்கையின் இடிஏ எல்லாம் இரண்டாம் வகை. ஸ்டிக்கர் விசாவுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும் வாரங்களை முதலில் காலண்டரில் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ஆன்லைன் விசா நாடுகளை நுழைப்பதுதான் சரியான வரிசை. பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும்போது தனிக் கட்டணம் கட்டி, பரிசீலனை நடக்கும் காலத்தில் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்தப் பணம் வீண் செலவு அல்ல. பரிசீலனைக்கு ஆகும் மூன்று வாரத்தில் ஒரு துபாய் பயணம் முடிந்துவிடும்.

ஆன்லைன் விசாவில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட் மாறினால் பழைய எண்ணில் எடுத்த இ-விசா செல்லாது. ரஷ்யாவின் இ-விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும். மாஸ்கோவிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டு மறுபடி மாஸ்கோ வழியாகத் திரும்பலாம் என்று டிக்கெட் போட்டால் இரண்டாவது நுழைவில் நிறுத்திவிடுவார்கள். அதோடு, குறிப்பிட்ட சில எல்லைச் சாவடிகள் வழியாகத்தான் அதை வைத்து நுழைய முடியும்.

இனி ஷெங்கன். இதில்தான் அதிக நுணுக்கம் இருக்கிறது, அதிகம் தவறுவதும் இதில்தான்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, அதற்கு மேல், தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள் முன். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை. அனுகாவுக்கு அக்டோபரில் போகிறவர் ஜூலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும். அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி திருத்த வேண்டுமென்றாலும் அங்கே கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி தெளிவாக இருக்கிறது. பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டிலோ, அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ, அங்கே. எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஹாம்பர்க்கில் 5 நாள், வார்சாவில் 3 நாள் என்றால் ஜெர்மனிதான். ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, வேறொரு நாட்டுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, அதில் வாங்கிக்கொண்டு ஹாம்பர்க் போய்விடலாம் என்று சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். எல்லையில் ஓட்டல் முன்பதிவைக் கேட்டால் அங்கேயே விசாவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அது பதிவில் நிற்கும், அடுத்த விண்ணப்பத்தில் முன்னால் வந்து நிற்கும்.

ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று 2024 ஏப்ரலில் திறந்தது. இந்தியாவில் வசிக்கும் இந்தியர், முந்தைய 3 ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா பெற்று விதிப்படி பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா கிடைக்கலாம். அதன் பிறகு வழக்கமாக 5 ஆண்டு விசா. ஆனால் பாஸ்போர்ட்டில் அவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் முடிய 3 ஆண்டு இருக்கும்போது 5 ஆண்டு விசாவை எதிர்பார்க்க முடியாது. இரண்டாண்டு விசா முடிகிற சமயத்தில் பாஸ்போர்ட்டும் பழசாக இருந்தால், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு விசாவுக்குப் போங்கள்.

விசா இரண்டாண்டுக்குக் கிடைத்தாலும், எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் வரும். கணக்கு ஜனவரியில் தொடங்குவதில்லை. தங்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து 180 நாள் பின்னோக்கிப் பார்க்கும். மார்ச் 1 முதல் 30 வரை ஒரு பயணம், மே 1 முதல் 30 வரை இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் ஆயிற்று. ஜூலை 20-ல் மறுபடி நுழைந்தால் மிச்சம் 30 நாள், அதாவது ஆகஸ்ட் 18 வரை. மார்ச் 1 என்ற நாள் கணக்கிலிருந்து கழிவது ஆகஸ்ட் 28-ல்தான். அதனால் ஆகஸ்ட் 19 முதல் 27 வரை ஒரு நாள்கூட உள்ளே இருக்கக் கூடாது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. அங்கே கழிக்கும் நாளும் இப்போது இதே 90-ல் கழியும். 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய மின்னணு எல்லைப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ணிய காலத்தில் தப்பியது இனிமேல் கணினியில் தப்பாது.

முத்திரை குறைவதில் ஒரு லாபமும் உண்டு, பக்கம் மிச்சமாகும். அடிக்கடி பயணம் போகிறவருக்குப் பாஸ்போர்ட் காலாவதியாவதற்கு முன்பே பக்கம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்டிக்கர் விசாவும் முழுப் பக்கத்தைத் தின்னும். இந்தியாவில் கூடுதல் தாள் சேர்த்துத் தருவதில்லை. மறுவெளியீட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், காரணம் என்ற இடத்தில் பக்கங்கள் தீர்ந்தன என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அப்போது 60 பக்கப் புத்தகத்தைக் கேளுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. 500 ரூபாய் வித்தியாசத்துக்காக 36 பக்கத்தை வாங்குவதில் அர்த்தமே இல்லை. நாலைந்து வெற்றுப் பக்கங்கள் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். கடைசிப் பக்கம்வரை காத்திருந்தால் அடுத்த விசா விண்ணப்பமே நின்றுவிடும்.

நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவெளியீட்டுக்குக் கொடுக்கலாம். பழைய பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் சுய கையொப்பமிட்ட நகல், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். போட்டோவை விண்ணப்பம் வாங்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே எடுத்துவிடுவார்கள். பழைய புத்தகத்தில் உயிரோடு இருக்கும் விசா ஏதாவது இருந்தால் கவுன்டரில் வாய் திறந்து சொல்லுங்கள், அந்தப் பக்கம் சேதமாகாமல் ரத்து முத்திரை போட்டுத் திருப்பித் தருவார்கள். 10 ஆண்டு அமெரிக்க விசா பழைய புத்தகத்தில் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப் போனால் போதும். இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேப்ளர் வேண்டாம். புதிதாக வரும் இ-பாஸ்போர்ட்டில் சிப் இருக்கிறது. அதை மடக்குவதும் துளைப்பதும் ஆகாது.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல். அப்பா பெயரை இனிஷியலாக வைத்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்கள் நம்மிடையே ஏராளம். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவரின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று மூன்றெழுத்து வரும். விமான டிக்கெட்டில் ஒன்று, விசாவில் ஒன்று என்று நிற்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் பார்வையாளர் விசாவை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது விமான நிலையத்திலேயே பலர் நிற்க வேண்டியதாயிற்று. இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு மறுவெளியீடு வாங்கிவிடுவதே நிரந்தரத் தீர்வு. ஆனால் அதற்கும் காலம் பார்க்க வேண்டும். நீண்ட கால விசா எதுவும் உயிரோடு இல்லாத இடைவெளியில் செய்யுங்கள். இல்லையென்றால் விசாவில் பழைய பெயரும் பாஸ்போர்ட்டில் புதுப் பெயரும் வந்து அது வேறு தலைவலி.

விசா மையத்துக்குப் பெரும்பாலும் சென்னைதான் போக வேண்டியிருக்கும். குன்னூரில் ஏலம் வியாழன், வெள்ளி. எனவே திங்கள் காலை அப்பாயின்ட்மென்ட் நமக்குத் தோது. ஞாயிறு சாயங்காலம் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை சென்ட்ரல், அன்று ராத்திரி அதே வண்டியில் திரும்பினால் செவ்வாய் காலை மேட்டுப்பாளையம். பெங்களூருதான் வசதி என்று கூடலூர், மசினகுடி வழியாகப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். காலை 9 மணி அப்பாயின்ட்மென்டுக்கு விடியற்காலையில் கிளம்பிப் போய்ச் சேர முடியாது, முந்தின நாளே போய்விட வேண்டும். ஷெங்கனுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும். பழைய விசாவின் நகலைக் காட்டினால் மறுபடி எடுக்கத் தேவையிருக்காது.

போட்டோவைக் குன்னூர் ஸ்டுடியோவிலேயே எடுக்கலாம், அளவை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம், கண்ணாடி கழற்றி. இரண்டுக்கும் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தொழில் ஆவணங்களில் ஏற்றுமதி உரிமம், ஐஇசி என்கிற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் டிரேடர்ஸ், இன்னொன்றில் டிரேடிங் கம்பெனி என்று இருந்தால் கேள்வி வரும். அழைப்புக் கடிதத்தில் வருகிறவர் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், வருவதன் நோக்கம், செலவு யாருடையது என்பது இருக்க வேண்டும். பலர் கடைசியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் தொடங்கிவிட்டால் வடகிழக்குப் பருவமழை. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலை மூடும், வண்டிகள் கோத்தகிரி சுற்றி வரும், கூரியர் கோவையிலேயே தேங்கும். மழைக்காலத்தில் விசா முடிவு வர வேண்டியிருந்தால் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லாமல், மையத்திலேயே நேரில் வாங்கிக்கொள்ளும் வழியைத் தேர்வு செய்து, சென்னையிலிருந்தே விமானம் ஏறிவிடுவது பாதுகாப்பு.

ஈரம் பாஸ்போர்ட்டையும் விடாது. ஜூலை மாதம் மர பீரோவில் துணிக்கு அடியில் வைத்த பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அட்டையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருக்கும், போட்டோ பக்கத்தின் லேமினேஷன் மூலையில் நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பியிருக்கும். அப்படிக் கிளம்பியதைச் சேதமடைந்த பாஸ்போர்ட் என்று சொல்லி விமான கவுன்டரில் திருப்பி அனுப்ப முடியும். பசை போட்டு ஒட்டுவது இன்னும் மோசம், திருத்தியதாகச் சந்தேகம் வரும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கென்யாவின் மொம்பாசா தேயிலை ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு விசாவைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். வேறு விசா வேலையாகச் சென்னை போகும் அன்றே இதையும் முடித்துக்கொள்ளலாம். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண்ணும் எழுதப்படும், எழுத்துப் பிழை இல்லாமல் அங்கேயே சரிபாருங்கள்.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவசரச் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அது இந்தியாவுக்குத் திரும்பி வர மட்டும்தான், அடுத்த நாட்டுக்குப் போக உதவாது. முகப்புப் பக்கம், கடைசிப் பக்கம், செல்லுபடியாகும் விசாக்கள் ஆகியவற்றின் நகலை மின்னஞ்சலில் ஒன்று, பெட்டியில் ஒன்று, குன்னூர் அலுவலகத்தில் ஒன்று என்று வைத்திருந்தால் தூதரகத்தில் வேலை சீக்கிரம் முடியும்.