‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’: மெருகேற்றும் முன்பும் பின்பும்

அமெரிக்க ராக் இசைக்குழுவான மாட்லி க்ரூவின் முதல் ஆல்பமான ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’ எனக்கு மனப்பாடம் என்றே பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அதன் 1999 மறுவெளியீட்டையும், 2003-இல் வந்த ‘மியூசிக் டு க்ராஷ் யுவர் கார் டு’ பெட்டித் தொகுப்பின் முதல் பாகத்தில் இடம்பெற்ற பழைய ஒலிக்கலவையையும் (குரலையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து ஒன்றுசேர்த்த ‘மிக்ஸ்’) அண்மையில் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான், நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததே ஒரு மறுவெளியீட்டைத்தான் என்பது உறைத்தது.

1981-இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் உருவான இக்குழு, எந்தப் பெரிய நிறுவனமும் கைகொடுக்காத நிலையில், லெதர் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கி அதே ஆண்டு நவம்பரில் இந்த இசைத்தட்டை வெளியிட்டது. (அந்த லேபிளின் பெயரிலும் குழுவின் பெயரைப் போலவே ஓர் உயிரெழுத்தின் தலையில் இரட்டைப் புள்ளி உண்டு, ஜெர்மன் பீர் புட்டி ஒன்றைப் பார்த்துப் பிறந்த அந்த அலங்காரத்துக்கும் உச்சரிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) மறு ஆண்டு எலெக்ட்ரா நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டு, பிரிட்டிஷ் ராக் குழுவான குவீனின் ஆல்பங்களால் புகழ்பெற்றிருந்த இசைத் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரிடம் ஒலிநாடாக்களைக் கொடுத்து மறுகலவை செய்வித்து, 1982 ஆகஸ்ட்டில் மீண்டும் வெளியிட்டது. உலகத்தில் பெரும்பாலோருக்கு அறிமுகமானது இந்த இரண்டாவது வடிவம்தான்.

இரண்டையும் தொடங்கி வைப்பது ‘லைவ் வயர்’. ஹெட்ஃபோனில் முதலில் பேக்கரின் கலவையைக் கேட்டுவிட்டு லெதர் பதிப்புக்குத் திரும்பினால், பெரிய மண்டபத்திலிருந்து வெளியேறி ஒத்திகை அறைக்குள் நுழைந்ததைப் போல இருக்கிறது. மிக் மார்ஸின் கிட்டார் சற்று மெலிந்து, ஆனால் ரம்பத்தின் பல்லைப் போல அறுக்கிறது. டாமி லீயின் டிரம்ஸ் காதுக்குப் பக்கத்தில் வறட்சியாக, எதிரொலியின் பூச்சு இல்லாமல் விழுகிறது. வின்ஸ் நீலின் குரல் உச்சத்தைத் தொட எம்புவதும், சில இடங்களில் அது எட்டாமல் போவதும் ஒளிவுமறைவின்றிக் கேட்கிறது. அப்போது வின்ஸுக்கு 20 வயது, டாமிக்கு 19. முப்பதைத் தொட்டிருந்த மார்ஸ்தான் குழுவில் மூத்தவர்; அவருடைய கை மட்டும் எந்தப் பதற்றமும் இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பேக்கர் கெடுத்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ‘பீஸ் ஆஃப் யுவர் ஆக்‌ஷன்’ போன்ற கனத்த பாடலுக்கு அவர் தந்த உடம்பு பொருத்தமாகவே இருக்கிறது. என் மனக்குறை ஒலியைப் பற்றியதைவிட வரிசையைப் பற்றியது. லெதர் பதிப்பில் ‘லைவ் வயர்’ முடிந்த கையோடு, இனிமையான மெட்டுள்ள ‘பப்ளிக் எனிமி நம்பர் ஒன்’ வந்து அந்த வேகத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. எலெக்ட்ரா பதிப்போ, முன்பு எட்டாவதாக இருந்த ‘கம் ஆன் அண்ட் டான்ஸ்’ பாடலைத் தூக்கி இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டது. தடுக்கித் தடுக்கி நடக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கொண்ட அந்தப் பாடல் ஆல்பத்தின் பின்பகுதியில் ஒரு குறும்பாக ரசிக்கத்தக்கது. ஓட்டம் பிடித்த மறுநிமிடமே எதிரில் வந்து நிற்கும்போது அது முட்டுக்கட்டை.

அதைவிடப் பெரிய மாற்றம், ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ பாடலை அறவே நீக்கியது. பத்துப் பாடல்கள் ஒன்பதாயின. அது இக்குழு வெளியிட்ட முதல் சிங்கிளின் (ஒற்றைப் பாடலை முன்வைக்கும் சிறிய இசைத்தட்டின்) பாடல் என்பதை நினைத்தால் அந்த நீக்கம் விந்தையாகவே படுகிறது. 1999 மறுவெளியீடு அதை இணைப்புப் பாடலாக மீட்டிருக்கிறது. சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த ‘டோஸ்ட் ஆஃப் தி டவுன்’, வேறொரு தொடக்கத்தோடு அமைந்த தலைப்புப் பாடல், ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ பாடலின் மேடை வடிவம் ஆகியவையும் உடன் இருக்கின்றன.

இணைப்புகளில் என்னை நிறுத்தி வைத்தது ‘டுநைட்’. இது எழுபதுகளின் பவர் பாப் (இனிய மெட்டும் கிட்டார் விசையும் கலந்த இசை) குழுவான ராஸ்பெரீஸின் பாடல். தோல் உடையும் ஆணி பதித்த கைப்பட்டையும் அணிந்த நால்வர் ராஸ்பெரீஸைத் தேடிப் போனார்கள் என்ற ஒரே செய்தி, இந்த ஆல்பத்தை எந்தக் காதால் கேட்க வேண்டும் என்று காட்டிவிடுகிறது. பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞருமான நிக்கி சிக்ஸ் அடிமனத்தில் ஒரு பாப் பாடலாசிரியர். ‘ஸ்டாரி ஐஸ்’, ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ இரண்டிலும் இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பல்லவியை மட்டும் முணுமுணுத்துப் பார்த்தால், அவை ஹெவி மெட்டலைவிட எழுபதுகளின் வானொலிப் பாடல்களுக்கே நெருங்கிய உறவு என்பது தெரியும். பங்க் இசையின் அவசரமும் பாப் மெட்டும் ஒட்டுப்போட்டுத் தைக்கப்பட்ட அந்தத் தையல் லெதர் பதிப்பில் கண்ணுக்குத் தெரிகிறது; பேக்கரின் கலவை அதன்மேல் பளபளப்பாக ஒரு துணியைப் போர்த்திவிட்டது. 1983-இல் வந்த ‘ஷவுட் அட் தி டெவில்’ இன்னும் கனமான, இருண்ட ஒலியைத் தேடிப் போனதால், இந்த முதல் ஆல்பத்தின் துள்ளல் அவர்களிடம் பிறகு இதே அளவில் திரும்பவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அட்டைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோல் கால்சட்டையின் இடுப்புப் பகுதியை மட்டும் நெருங்கிக் காட்டும் அந்தப் படம், ரோலிங் ஸ்டோன்ஸின் 1971 ஆல்பமான ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ அட்டைக்குச் செலுத்திய வணக்கம். குறுந்தட்டின் சிறிய சதுரத்துக்குள் அதன் அடாவடி பாதி குறைந்துவிடுகிறது.

வரிசையை எவ்வளவு கலைத்தாலும் முதலும் கடைசியும் இரு பதிப்பிலும் மாறவில்லை. நிறைவுப் பாடலான ‘ஆன் வித் தி ஷோ’, ஃபிராங்கி என்ற ஒருவனின் சாவிலிருந்து தொடங்குகிறது. நிக்கி சிக்ஸின் இயற்பெயர் ஃபிராங்க் ஃபெரான்னா. அந்தப் பெயரைச் சட்டப்படி களைந்துவிட்டுத்தான் அவர் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். எலெக்ட்ரா பதிப்பில் இதை நான் எத்தனையோ முறை கேட்டிருந்தும், ஆர்ப்பாட்டமான ஒரு முடிவுப் பாடல் என்பதற்கு மேல் எதுவும் தோன்றியதில்லை. பழைய கலவையில், அணிகலன் ஏதுமின்றி வின்ஸின் குரல் அந்தப் பெயரை உச்சரித்தபோது, பாடலை நிறுத்தி முதலிலிருந்து மறுபடி போட்டேன்.