கூட வந்தவர்

மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நோட்டு இருக்கும். நோயாளியின் பெயர், வயது, ஊர், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், தூக்கம் எப்படி, பசி எப்படி என்று மாதாமாதம் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். கூட வந்தவரைப் பற்றி இருப்பது ஒரே வரி: 'தாயுடன் வந்தார்'. சில பக்கங்களில் 'உறவினருடன்'. அந்த உறவினர் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரைத் தாஜா செய்து கூட்டி வந்திருப்பார். அதை எழுத நோட்டில் இடம் கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மனநல சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கூட வந்தவர்களோடுதான் போகிறது.

படிக்கிற காலத்தில் எங்களுக்கு அழுத்தமாகச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. ஜார்ஜ் பிரவுன் என்பவர் லண்டனில் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் அவை. மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களில், ஓயாமல் குறை சொல்கிற வீட்டுக்கும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கிற வீட்டுக்கும் போனவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். 1980களில் அதே ஆய்வைச் சண்டிகரில் செய்து பார்த்தபோது, நம் குடும்பங்களில் அந்தக் கடுமை மேலைநாடுகளைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆய்வில் பிழை இல்லை. ஆனால் அது புத்தகத்திலிருந்து இறங்கி எங்கள் வாய்க்கு வரும்போது, 'கோபப்படாதீர்கள் அம்மா, பொறுமையாக இருங்கள்' என்று சுருங்கிவிடுகிறது. இரவு முழுவதும் மகன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்க, பொட்டுக் கண் மூடாமல் கிடந்துவிட்டுக் காலையில் பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கப் போகிற தாயிடம் இதைச் சொன்னால் அவருக்கு என்ன கேட்கும்? நோய் திரும்பினால் அதற்கும் நீதான் பொறுப்பு என்றுதான் கேட்கும். பொறுமையைப் பற்றி அவருக்கு வகுப்பெடுக்கும் தகுதி எங்களில் யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம்.

அதனால் நான் முதலில் கேட்பது தூக்கத்தை. நோயாளியின் தூக்கத்தை மருத்துவர் கேட்டிருப்பார். நான் கேட்பது இவருடையதை. பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். பிறகு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பேன். மூத்த மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான், சனிக்கிழமை வருவான், கையில் பணமும் கொடுப்பான். அந்தச் சனிக்கிழமை இரவு மட்டும் தம்பி பக்கத்தில் அவன் படுக்கட்டும், நீங்கள் பக்கத்து வீட்டில் போய்த் தூங்குங்கள் என்பேன். பணம் அனுப்பு என்று பிள்ளையிடம் கேட்பதைவிட இதைக் கேட்பது அந்தத் தாய்க்குக் கஷ்டம். பல வீடுகளில் நானே போன் செய்து பேசியிருக்கிறேன். அண்ணன்கள் முரண்டு பிடிப்பதில்லை. தம்பி இரவில் தூங்குவதில்லை என்பதே சிலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு இரவு படுத்துப் பார்த்தவர், மறுமுறை தானே விடுப்பு போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து நிற்பார்.

இரண்டாவது, அவர்களுடைய உடம்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரை வாங்கிய கவரோடு பரணில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மகனின் மாத்திரையை ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறவர், தன்னுடையதை மறந்துவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பேரனின் காலை நேர மாத்திரை அட்டையில் வெள்ளை நூலும் இரவு அட்டையில் கறுப்பு நூலும் கட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் ஒரு நூல் கட்டச் சொன்னேன். 'அதற்கு எதற்கு நூல், போனால் போகிறது' என்றார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் சிவப்பு நூலைக் கொடுத்து அவனையே கட்ட வைத்தோம். அன்றிலிருந்து பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை.

சோற்றிலும் குழம்பிலும் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பவர்கள் அநேகம். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். எனக்கு நோயே இல்லை என்று அடித்துப் பேசுவதும் இந்த நோயின் ஒரு பகுதி என்பதால், அவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் அவனுக்குத் தெரிந்துவிட்டால், அதன்பின் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிற ஊசி இருக்கிறது. மருத்துவரிடம் கேளுங்கள், அவனிடமும் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கவனித்துக்கொள்பவர்களை மாதம் ஒருமுறை ஓரிடத்தில் உட்கார வைக்கிறோம். வருகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வரத் தொடங்கினார். நோய் அவர் மனைவிக்கு. களி கிண்டுவதிலிருந்து துணி துவைப்பதுவரை அவர்தான். ஊரில் அதற்குக் கேலி வேறு. கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். ஒருநாள் எல்லாரும் எழுந்த பிறகு என்னைத் தனியாக அழைத்து, மாதவிலக்கு நாட்களில் மனைவி துணி வைத்துக்கொள்ளவே மறுக்கிறார், என்ன செய்வது சார் என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. அவர் சம்மதத்தோடு, மகளைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாவிடம் சொன்னேன். 'இதற்கா அண்ணா இத்தனை நாள் தவித்தீர்கள்' என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இருட்டு நிறப் பாவாடை, எந்த நேரத்தில் மாற்றச் சொல்வது, திட்டாமல் எப்படிச் சொல்வது என்று பேச்சு நீண்டது. நான் டீ வாங்கிவரப் போய்விட்டேன். அந்த இடத்தில் என்னால் முடிந்த உருப்படியான காரியம் அதுதான்.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார். சிகிச்சையில் குடும்பத்துக்கு இடம் கொடுத்ததற்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். அங்கே ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தைப் பார்த்தது, பேசிக்கொண்டது. எங்கள் கூட்டத்திலும் நடப்பது அதுதான், கூடாரம் மட்டும் இல்லை. நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுக்கிறோம். அது நோயாளிக்கு மட்டுமில்லை, நீங்களும் உங்களுக்காகப் பேசலாம் என்று இரண்டு தடவை சொன்னால்தான் நம்புகிறார்கள்.

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி, எனக்குப் பிறகு யார் என்பது. யாரோ சொல்லக் கேட்டு, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் காப்பாளர் நியமிக்கலாமாமே என்று வருகிறார்கள். 1999ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனநோய் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோய் இருக்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வாங்கி வைத்தால் சில வழிகள் திறக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணை நிற்பவர் யார் என்பதை நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துச் சொல்லலாம். அவர் தெளிவாக இருக்கும் மாதங்களில் அதை முடித்துவிடச் சொல்கிறேன். சிலர் அம்மாவை விட்டுவிட்டு அக்காவின் பெயரையோ நண்பனின் பெயரையோ சொல்வார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கும். உங்களுக்குப் பிறகு யார் என்பதுதானே கேள்வி என்று நினைவுபடுத்துவேன்.

இதையெல்லாம் பேச அண்ணன், தம்பி, மருமகள்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், கால் மணி நேரத்தில் பேச்சு நிலத்துக்குப் போய்விடும். அவன் பங்கு யாருக்கு, பார்த்துக்கொள்கிறவருக்குத்தானே என்று ஆரம்பிப்பார்கள். நிலத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த மாதம் மருந்து வாங்க அவனோடு பஸ் ஏறப்போவது யார் என்பதை மட்டும் அன்றைக்கு முடிவுசெய்து, அந்தப் பெயரை அவன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.