பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இன்சூரன்ஸ்: கொரோனா காலத்தில் ஒரு சகோதர சங்கத்தோடு

2020 டிசம்பரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா கொரோனாவில் இறந்துபோனார். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மன்ஹால் என்ற ஊரில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரு காலத்தில் முழுக்க இரும்பாலைத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊர். தாத்தாவும் 1986-ல் மூடப்பட்ட ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலை பார்த்தவர்தான். பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது, கண்பார்வையும் குறைவு. இங்கே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்லோவாக் வீடுகளில் பாட்டியை 'பாபா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

தாத்தாவின் இன்சூரன்ஸ் பணத்தை வாங்க உதவ முடியுமா என்று பாபா தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரிய தொகை இல்லை. இரண்டு பத்திரங்கள். ஒன்று தாத்தா சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா எடுத்துக் கொடுத்தது, ஆயிரம் டாலர். இன்னொன்று கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தது, ஐயாயிரம் டாலர். இரண்டுக்கும் பிரீமியம் கட்டி முடித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் கம்பெனி மூலமாக எனக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்பதால் இதுவும் அதே மாதிரியான வேலைதான் என்று நினைத்து இறங்கினேன். ஆனால் இது வேறு மாதிரியான அமைப்பு என்பது போகப் போகத்தான் புரிந்தது.

தாத்தாவுக்குப் பத்திரம் கொடுத்தது போன்ற அமைப்புகளை இங்கே 'ஃபிராடெர்னல்', அதாவது சகோதர சங்கங்கள் என்பார்கள். பங்குதாரர் கிடையாது. இன்சூரன்ஸ் எடுத்தவர்களே உறுப்பினர்கள், அவர்களே ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊருக்கு ஊர் கிளை இருக்க வேண்டும், கிளைக் கூட்டம் நடக்க வேண்டும் என்பது சட்டம். 1868-ல் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே தொழிலாளி தொடங்கிய சங்கத்தில்தான் இந்த ஏற்பாடு பரவலாக வேர்விட்டது. ஓர் உறுப்பினர் இறந்தால் மற்ற எல்லோரும் ஆளுக்கு ஒரு டாலர் போடுவார்கள், அது அந்தக் குடும்பத்துக்குப் போகும். அப்புறம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்கள் அவரவர் மொழிக்காரர்களுக்கென்று சங்கம் கண்டார்கள். தேசிய ஸ்லோவாக் சங்கம் 1890-ல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கியது, குரோஷியர்களின் சங்கம் 1894-ல். ஆலையில் நசுங்கிச் செத்தால் முதலாளி கைவிரித்துவிடுவார், வழக்கமான இன்சூரன்ஸ் கம்பெனிகளோ இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்றிருந்த காலம் அது. எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊரில் பிறந்ததால், இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் சிக்கல் பத்திரத்தில் இருந்த சங்கத்தின் பெயர். தேடினால் அப்படி ஒரு சங்கமே இல்லை. சிறிய சங்கங்கள் பல ஒன்றோடொன்று இணைந்துவிட்டன, பெயரையும் மாற்றிக்கொண்டன. இப்படி மாட்டிக்கொண்டால் மாநில இன்சூரன்ஸ் துறையிடம் கேட்கலாம். மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் தேசிய அமைப்பு நடத்தும் பாலிசி தேடும் சேவையும் உண்டு, அது இலவசம். எனக்கு அதற்கெல்லாம் அவசியம் ஏற்படவில்லை. பாபாவின் சாப்பாட்டு மேசையில் சங்கம் அனுப்பும் மாதப் பத்திரிகை கட்டாகக் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் கிளை வாரியாக அந்த மாதம் இறந்த உறுப்பினர்களின் பெயர்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் கிளைச் செயலாளர்களின் போன் நம்பர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிலுவைக் குறி போட்டிருந்தது. அது தாத்தா போட்டதாம். தெரிந்தவர்கள் இறந்தால் குறித்து வைப்பாராம். அந்த வருடத்துக் கடைசி இதழ்களில் குறிகள் நெருக்கமாக இருந்தன.

செயலாளர் அம்மாவுக்குப் போன் போட்டேன். எழுபதைத் தாண்டியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும். நீங்கள்தானே பக்கத்து வீட்டு இந்தியர்?" என்றார். மார்ச் மாதம் ஊரடங்கு வந்ததும் கிளைக் கூட்டம் நின்றுபோயிருக்கிறது. உடனே உறுப்பினர் பட்டியலை எடுத்து, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை மூன்று நான்கு பேர் பிரித்துக்கொண்டு வாரந்தோறும் போன் செய்திருக்கிறார்கள். மருந்து இருக்கிறதா, மளிகை வாங்க ஆள் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்பது. தாத்தா வீட்டுக்கு வாங்கிக் கொடுப்பது நாங்கள்தான் என்பதும் அந்தப் பட்டியலில் குறித்திருக்கிறது. இதற்கென்று எந்தச் செயலியும் கிடையாது, ஒரு கோடு போட்ட நோட்டுத்தான். பத்து வருடமாக அதே தெருவில் இருக்கிறேன். தாத்தா பாட்டியை இப்படிச் சில பேர் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது.

தலைமை அலுவலகத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஆனாலும் குரல் பதிவு இயந்திரத்தில் மாட்டாமல் ஓர் ஆளிடம் பேச முடிந்தது. அவர்கள் கேட்டவை இவை: கிளைம் படிவம், இறப்புச் சான்றிதழின் சான்றளித்த பிரதி, அசல் பத்திரங்கள், பாபாவின் அடையாள அட்டை நகல். இறப்புச் சான்றிதழுக்கு மாநில அலுவலகத்துக்கு நேரில் போகும் வழி அப்போது இல்லை. இறுதிச் சடங்கு நடத்திக் கொடுத்தவர் மூலமாகவே வாங்கினோம், பிரதி ஒன்றுக்கு 20 டாலர். இதில் ஒரு யோசனை சொல்கிறேன்: ஆரம்பத்திலேயே நிறைய பிரதிகள் வாங்கிவிடுங்கள். வங்கி, பென்ஷன், கார் பதிவு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள், ஜெராக்ஸ் செல்லாது. இறந்த காரணம் கொரோனா என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது எங்களுக்கு உதவியது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஐயாயிரம் டாலர் பத்திரத்தின் அசல் எங்கள் கையில் இருந்தது. ஆயிரம் டாலருக்கு நகல்தான் இருந்தது, அசல் எங்கே போனதோ தெரியவில்லை. தொலைந்துவிட்டது என்று பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வீடியோ மூலம் நோட்டரி செய்ய 2020 ஏப்ரலிலேயே பென்சில்வேனியாவில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பாபாவிடம் கம்ப்யூட்டரும் இல்லை, அதைப் பார்க்கக் கண்ணும் இல்லை. செயலாளர் அம்மாவே ஒரு நோட்டரியை ஏற்பாடு செய்தார், அவரும் கிளை உறுப்பினர். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில், எங்கள் காரின் பானட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினோம். நல்ல குளிர். பேனா எழுதவில்லை. நோட்டரி தன் கோட்டுப் பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்து, கிருமிநாசினி போட்டுத் துடைத்து, கையுறை போட்ட கையால் நீட்டினார். பாபா கையுறையைக் கழற்றிவிட்டு, காகிதத்தில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நோட்டரி காசும் வாங்கவில்லை.

பெரிய சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. ஆயிரம் டாலர் பத்திரத்தில் நாமினி தாத்தாவின் அம்மா! சின்ன வயதில் எடுத்தது, யாரும் மாற்றவில்லை. அந்த அம்மா இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. நாமினி உயிரோடு இல்லை என்றால் அடுத்து மனைவிக்குத்தான் என்று சங்கத்தின் விதியிலேயே இருந்தது. ஆனால் நாமினி இறந்ததற்கு ஆதாரம் வேண்டுமே. அரை நூற்றாண்டுக்கு முந்தைய சான்றிதழைக் கொரோனா நேரத்தில் மாநில அலுவலகத்திலிருந்து வரவழைக்க எத்தனை மாதம் ஆகுமோ என்று எனக்கு மலைப்பாகிவிட்டது.

தலைமை அலுவலகத்து அம்மணி இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். அப்புறம் அவரே கூப்பிட்டார். தாத்தாவின் அம்மாவும் இதே கிளையில் உறுப்பினராம். அவர் இறந்தபோது அவருடைய இன்சூரன்ஸ் பணத்தைக் கொடுத்ததே இந்தச் சங்கம்தான். அந்தக் கோப்பு பழைய பெயரில் மைக்ரோஃபிலிமில் இருந்திருக்கிறது, இறப்புச் சான்றிதழோடு. "வேறு எதுவும் வேண்டாம், எங்களிடமே இருக்கிறது" என்றார். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் ஒரே இடத்தில் பதிவாகியிருப்பதன் பலனை நான் நேரில் கண்டது அப்போதுதான்.

பணம் ஜனவரி கடைசியில் காசோலையாக வந்தது. பத்திரத்தில் போட்டிருந்த தொகையைவிடக் கணிசமாகக் கூடுதல். வருடா வருடம் கிடைத்த போனஸைத் தாத்தா கையில் வாங்காமல், அதை வைத்தே காப்பீட்டைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இறந்த நாளிலிருந்து வட்டியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்கு வருமான வரி கிடையாது, வட்டிக்கு மட்டும் உண்டு. பென்சில்வேனியாவின் வாரிசு வரியும் இந்தப் பணத்துக்கு இல்லை.

இவ்வளவு சாவு விழுந்தும் இந்தச் சின்னச் சங்கங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன என்ற கேள்வி எனக்கு இருந்தது. செயலாளர் அம்மாவிடமும் கேட்டேன், நானும் படித்துப் பார்த்தேன். தலைக்கு ஒரு டாலர் என்ற பழைய முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உறுப்பினர்களுக்கு வயதாக ஆகச் சாவு கூடும், வசூலும் கூடும், இளைஞர்கள் சேரத் தயங்குவார்கள், சங்கம் படுத்துவிடும். அப்படிப் படுத்தவை ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வயதுக்கேற்ற பிரீமியம் வாங்கி, ஒவ்வொரு பத்திரத்துக்கும் கையிருப்பு நிதி சேர்க்கும் முறைக்குச் சங்கங்கள் மாறத் தொடங்கின. 1918-ல் வந்த விஷக்காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களை அள்ளிக்கொண்டு போனது. பிரீமியம் கட்டத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே இறந்தவர்கள், நிதி சேர நேரமே இருக்கவில்லை. அமெரிக்கப் பெருநகரங்களில் மிக மோசமான இறப்பு விகிதம் கண்ட ஊர்களில் பிட்ஸ்பர்க்கும் ஒன்று. அந்த அடியையும் தாண்டி வந்தவைதான் இன்றிருக்கும் பழைய சங்கங்கள். கொரோனாவோ பெரும்பாலும் முதியவர்களைத்தான் கொண்டுபோனது. அவர்களுடைய பத்திரங்கள் சிறியவை, அவற்றுக்கான நிதியும் பல பத்தாண்டுகளில் சேர்ந்து முடிந்தவை. சேர்ந்த நிதியைப் பெரும்பாலும் கடன் பத்திரங்களில்தான் போட்டு வைப்பார்கள். அதனால் பணக்கணக்கில் பார்த்தால், 2020 மார்ச்சில் பத்தாண்டு அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனதுதான் இன்சூரன்ஸ் தரும் அமைப்புகளுக்கு அப்போது பெரிய தலைவலியாக இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி திவாலானால் பாலிசிதாரரைக் காப்பாற்ற மாநிலங்களில் உத்தரவாத நிதி இருக்கிறது. இந்தச் சங்கங்கள் பொதுவாக அதில் சேர்ந்தவை அல்ல. கையிருப்பு குறைந்தால் உறுப்பினர்களிடமே பங்கு கேட்கலாம் என்ற விதியும் பத்திரத்தில் இருக்கும். அதனால் பாசத்தை மட்டும் பார்த்துச் சேராமல் ஆண்டறிக்கையையும் பார்த்துச் சேருங்கள்.

கிளை செய்த மற்ற காரியங்களையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தாத்தாவின் இறுதிச் சடங்குக்கு உள்ளே போக விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் அனுமதி. கிளைக்காரர்கள் வெளியே காரில் உட்கார்ந்தபடியே காத்திருந்து, கல்லறை வரை வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். 2021 தவக்காலத்தில் இந்த ஊரின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தைக் காருக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், வெளியே வர முடியாத முதியவர்களுக்கு வீட்டிலேயே இறக்கிவிட்டார்கள். பாபாவுக்கு மீனோடு ஒரு டப்பா பியரோகியும் (நம்ம ஊர்க் கொழுக்கட்டை மாதிரியான பண்டம்) வரும். எனக்கும் ஒரு பங்கு கட்டாயம் உண்டு.

காரணம் கொரோனா என்று சான்றிதழில் இருந்தது உதவியது என்றேனே, அது இதற்குத்தான். 2021 ஏப்ரல் 12 முதல் ஃபீமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பு, கொரோனாவில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குச் செலவுக்கு 9,000 டாலர் வரை கொடுக்கத் தொடங்கியது. போனில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது (இந்த உதவி 2025-ல் முடிந்துவிட்டது). முதல் நாள்களில் லைன் கிடைப்பதே பெரும்பாடு. இன்சூரன்ஸ் பணம் வந்துவிட்டதே, இனி இது கிடைக்காது என்று பாபா பேசாமல் இருந்தார். செயலாளர் அம்மாதான் விசாரித்துச் சொன்னார்: இறுதிச் சடங்குக்கென்றே எடுத்த காப்பீடாக இருந்தால் அதைக் கழிப்பார்கள், சாதாரண ஆயுள் காப்பீட்டைக் கழிக்க மாட்டார்கள். பில்களைச் சேர்த்து அனுப்பினோம், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. தன் கிளையில் கொரோனாவில் ஆளை இழந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த அம்மா இதை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அந்த வேலை முடிந்த கையோடு, பாபா தன் சொந்தப் பத்திரத்திலும் நாமினி மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை அதில் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. இப்போது ஒஹாயோவில் இருக்கும் தங்கை மகளின் பெயர். அன்று ராத்திரியே விருதுநகரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து அவருடைய எல்.ஐ.சி. பத்திரங்களை எடுக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் எடுத்த இரண்டிலும் நாமினி எங்கள் அம்மா. அம்மா தவறி ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் மறுவாரமே கிளை அலுவலகத்துக்குப் போய் அண்ணி பெயருக்கு மாற்றிவிட்டார்.