இடுப்பளவு

வேலூர் சத்துவாச்சாரியில் பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறேன். ஆறாம் வகுப்புப் பையனுக்கே 32 இஞ்ச் இடுப்பு வருகிறது. "வளர்ற பிள்ளைதானேக்கா, விடுங்க" என்கிறார்கள் அம்மாக்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றுக்கும் வழிவிடுகிறது. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 தாண்டக்கூடாது. பிள்ளைகளுக்கு இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்கணும். தொப்புள் மட்டத்தில் அளவெடுங்கள், பேண்ட் கட்டும் இடத்தில் அல்ல.

தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. பெரியவர்களுக்கே இப்படி எடை கூடும்போது பையனை மட்டும் ஏன் குறை சொல்லணும்? வீட்டுக்குக் கூல்டிரிங்ஸ் வாங்கி வருவது பெரியவர்கள்தானே. அதை நிறுத்துங்கள். சாயந்திரம் ட்யூஷனைக் கொஞ்சம் குறைத்து, அவனை விளையாட விடுங்கள்.