மலிவு மீனும் ஒரு ‘குடுக்கலாமுங்க’வும்

“ஏனுங் தம்பி, இந்த வெலைக்கு மீனுன்னா… பேரனுக்கு இத நம்பிக் குடுக்கலாமுங்களா?”

“தாராளமாக் குடுக்கலாமுங்கம்மா.”

பேச்சு இவ்வளவுதான். பையன் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. தட்டில் இருந்தது ஃபிஷ் டாகோ, அதாவது மெல்லிய ரொட்டிக்குள் பொரித்த மீனை வைத்து மடித்தது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கடற்கரையில் தெருக்கடைத் தீனியாக இருந்தது, இப்போது கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கமும் ஆர்.எஸ்.புரத்திலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. நான் வேலை பார்க்கும் கடையில் மீன் கொள்முதலும் குளிர்பெட்டியும் என் பொறுப்பு. அந்தப் பதிலை எதை வைத்துச் சொன்னேன் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் பாதி சரி, பாதி தெரியாது என்றுதான் வருகிறது.

சரியென்று படுகிற பாதியை முதலில் சொல்கிறேன். அந்த அம்மா பயந்தது விலையைப் பார்த்து. அந்தத் தட்டைப் பொறுத்தவரை விலையில் பயப்பட ஒன்றுமில்லை. டாகோவில் இருந்தது பாசா. வியட்நாமிலிருந்து வருகிறது, ஆந்திராவிலும் குளம் குளமாக வளர்க்கிறார்கள். கெளுத்தி வகை, வெள்ளைச் சதை, முள் எடுத்தது, வாடை கிடையாது. முள் நீக்கிய சதைத் துண்டு, அதாவது ஃபில்லெட், கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஐஸ் பூச்சு 20 சதவீதம் போனால் உண்மையான சதை கிலோ 375 ஆகிறது. இரண்டு டாகோவுக்கு 80 கிராம் மீன் போதும், அதாவது 30 ரூபாய்ச் சரக்கு. 150 ரூபாய்க்கு விற்றாலும் கடைக்குக் கட்டும். எவரையும் ஏமாற்றாமல் மலிவாகக் கொடுக்க முடிகிற மீன் அது.

வஞ்சிரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் வேறு மாதிரி வரும். முழு மீன் கிலோ 900 என்றால், தலை, குடல், வால் போகத் துண்டாக நிற்பது 65 சதவீதம். துண்டு கிலோ 1,385 ஆகிவிடும். 120 கிராம் துண்டு ஒன்றுக்குப் பச்சை மீன் விலையே 166 ரூபாய். எண்ணெய், மசாலா, கேஸ், ஆள்கூலி எல்லாம் அதற்கு மேல். இப்படியிருக்க 150 ரூபாய்க்கு ‘வஞ்சிரம் வறுவல்’ என்று பலகை தொங்கினால் அது வஞ்சிரமாக இருக்க வழியில்லை. பெரும்பாலும் சீலாவாகவோ கட்டாவாகவோ இருக்கும். இரண்டும் நல்ல மீன்தான், வயிற்றைக் கெடுக்காது; பெயர்தான் பொய். மசாலா தடவிச் சிவக்கப் பொரித்த வட்டத் துண்டைப் பார்த்து எது என்று சொல்லத் தொழிலில் இருப்பவருக்கே கொஞ்சம் நேரமாகும்.

விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு விலையை வைத்தே கணக்குப் போடுகிறேனே என்று தோன்றலாம். விலை மட்டும் எதையும் சொல்லாது. மீனின் பெயரோடு சேர்த்துப் பார்த்தால்தான் பேசும். அந்த அம்மா பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “இது பாசாங்க, வளர்ப்பு மீன், அதான் இந்த வெலை” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவரே முடிவெடுத்திருப்பார். ஆனால் சாப்பாட்டு நேரம், பக்கத்து மேசையில் பில்லுக்குக் கை தூக்குகிறார்கள். கேட்டது ஆமா இல்லையா என்கிற கேள்வி, பதிலும் அப்படித்தான் வந்தது.

இனி மற்றப் பாதி. நம்ம ஊர்ப் பக்கம் கடல் கிடையாது. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வருகிற கடல் மீன் கொச்சியிலிருந்து 190 கிலோமீட்டர் ஓடி, கேரள எல்லையில் இருக்கிற வாளையாறு வழியாக வருகிறது. இல்லையென்றால் ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று ராத்திரி முழுக்க லாரியில் வருகிறது. படகில் பிடித்த நேரம், கரையில் ஏலத்துக்குக் கிடந்த நேரம், லாரி ஓடிய நேரம் எல்லாம் கூட்டினால்தான் மீனின் வயசு. நம் கைக்கு வரும்போது தெரிவது கடைசி நிமிடம் மட்டும்.

அந்தக் கடைசி நிமிடத்தையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும். தெர்மோகோல் பெட்டியைத் திறந்ததும் மேலே புது ஐஸ் பளபளவென்று இருக்கும். அது மார்க்கெட்டில் இறக்கும்போது தூவியதாகக்கூட இருக்கலாம். கையை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் ஐஸே இல்லாமல் மீன் ரத்தத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் வழியில் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். தண்ணீர் வடியப் பெட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். பிறகு கம்பித் தெர்மாமீட்டரைப் பெட்டியின் நடுவில் இருக்கிற மீனின் முதுகுச் சதையில், நடுமுள்ளுக்குப் பக்கமாகக் குத்த வேண்டும். 4 டிகிரிக்குள் இருந்தால் எடுக்கலாம். 8, 10 என்று காட்டினால் கண் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் மீன்காரர்களோடு சச்சரவு. “கண்ணப் பாருங்க, செவுளப் பாருங்கண்ணா, எத்தன செவப்பு!” என்பார்கள். கண்ணும் செவுளும் நல்ல சாட்சிகள்தான், முழுச் சாட்சிகள் அல்ல. மத்தியின் வயிறு வெடித்திருந்தால் உடனே பழசு என்கிறோம். நன்றாக இரை தின்ற மத்தி புதுசாக இருக்கும்போதே வயிறு வெடிக்கும். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத சூரையோ ஆளைப் படுக்க வைத்துவிடும்.

சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமினுக்குக் கெட்ட வாடை கிடையாது. பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அழியாது. திரும்ப ஃப்ரீசரில் வைத்தாலும் உண்டானது உண்டானதுதான். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வரும். நாக்கில் மிளகு பட்டது மாதிரி சுறுசுறுவென்று இருக்கும். ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். பாசா, ஜிலேபி, கட்லா, ரோகு மாதிரி மீன்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆக, இந்த ஒரு விஷயத்தில் விலை கூடின வஞ்சிரத்தைவிட மலிவுப் பாசா பத்திரமானது. அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலுக்கு எனக்குக் கிடைக்கிற பெரிய பிடி இதுதான்.

ஜனங்கள் பயப்படுவது மீன் கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனமான ஃபார்மலினுக்கு. காரணம் இருக்கிறது: 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்று இறங்கியபோது வாளையாறு சோதனைச் சாவடியிலேயே ஃபார்மலின் கலந்த சரக்குப் பிடிபட்டது. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைப் பட்டை இருக்கிறது. மீன்மேல் தேய்த்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறுவதைப் பார்த்து ஃபார்மலின் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். மொத்தமாக எடுக்கிற கடை அதை வைத்திருக்க வேண்டும். ஆனாலும் என் கணிப்பில், ஃபார்மலினால் கெடுவதைவிட ஐஸ் பற்றாமல் கெடுவதே அதிகம். அதைச் சோதிக்கப் பட்டை எதுவும் வேண்டியதில்லை, தெர்மாமீட்டர் போதும்.

பாசாவுக்கு வருகிற ஆபத்து லாரியில் குறைவு, நம் அடுப்படியில் அதிகம். மைனஸ் 18இல் கல்லாக வருகிற ஃபில்லெட்டை முந்தின ராத்திரியே ஓட்டைத் தட்டில் பரப்பி, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் மெதுவாக ஐஸ் விட வைக்க வேண்டும். அவசரத்துக்குப் பாக்கெட்டோடு வாளித் தண்ணீரில் போட்டால் மேல்சதை சூடாகிவிடும், நடு இன்னும் கல்லாகவே இருக்கும். மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் தள்ளுவது அதைவிட மோசம். அப்படித் தள்ளியதைக் கண்டுபிடிப்பது எளிது: தனித்தனியாக உறைந்திருக்க வேண்டிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருக்கும், பாக்கெட்டுக்குள் பனித்தூள் சேர்ந்திருக்கும். பொரித்தால் தண்ணீர் விட்டு மாவு கழன்று வரும். பாஸ்பேட் தண்ணீரில் ஊற வைத்து எடை ஏற்றிய ஃபில்லெட்டும் தண்ணீர் விடும், கடித்தால் ரப்பர் மாதிரி வழுக்கும். நல்ல ஃபில்லெட் 175 டிகிரி எண்ணெயில் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்து, பிட்டால் இதழ் இதழாகப் பிரியும். டாகோவைச் சோதிக்க நினைப்பவர் சாஸைத் தள்ளிவிட்டு மீனை மட்டும் பிட்டுப் பார்க்கட்டும். எண்ணெயையும் பாருங்கள். கெட்ட எண்ணெயைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம். மீன் பொரித்த எண்ணெய் சீக்கிரம் கறுத்து நுரை கட்டும்.

என்னை உறுத்துவது மீனுக்கு மேலே இருந்தது. அந்த அம்மா கேட்டது ‘இத நம்பிக் குடுக்கலாமுங்களா’ என்று. ‘இது’ என்றால் தட்டு முழுக்க. டாகோவில் மீன் மட்டும்தான் சுடச்சுட வெந்தது. பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், மயோனைஸ் எதுவும் அடுப்பைப் பார்த்ததில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது. கேரளத்தில் 2023லேயே தடை வந்துவிட்டது. காரணம் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள். எங்களுடையது முட்டையில்லாதது. அதனால் பதில் தப்பில்லை. ஆனால் எந்த மயோனைஸாக இருந்தாலும் பாட்டில் சித்திரை வெயிலில் தோசைக்கல் பக்கத்தில் மதியம் முழுக்க நின்றால் என்ன ஆகும் என்பது வேறு சங்கதி. சாஸ் பாட்டில் என் பொறுப்பில் இல்லை, அது அடுத்த செக்‌ஷன். என் பொறுப்பில் இல்லாததற்கும் சேர்த்துத்தான் ‘தாராளமா’ என்று சொன்னேன். கடையில் யாரோ ஒருவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றும் தோன்றுகிறது.

மலிவு என்றாலே நம்பலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவானிசாகர், மேட்டூர், ஆழியாறு அணைகளில் பிடித்து அங்கேயே பொரித்துத் தருகிற ஜிலேபி, கட்லா, ரோகு மலிவானவை, லாரி ஏறாதவை. கண் முன்னால் வெட்டுகிற கடையாகப் பார்த்துத் தைரியமாகச் சாப்பிடலாம். சேற்று வாடைக்கு மஞ்சளும் கல்லுப்பும் போட்டு உரசிக் கழுவி, மோரில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் போதும். அதே ஜிலேபி சாக்கடை கலக்கிற நகரக் குளத்திலும் நன்றாக வளரும். சாயத் தண்ணீர் கண்ட நொய்யல் ஆற்றில் பிடித்த மீன் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் வளர்க்கவே தடை செய்யப்பட்டது. இருந்தும் கோழிக் கழிவைப் போட்டு வளர்க்கிற குட்டைகள் சேலம், தர்மபுரி, ஈரோடு பக்கம் அவ்வப்போது பிடிபடுகின்றன. தலை போய் மசாலா ஏறிய துண்டில் அதை அடையாளம் காண்பது கஷ்டம்.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை. அது முடிவதற்குள் கேரளத்தில் டிராலிங், அதாவது இழுவலைத் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். அந்த மாதங்களில் மலிவாகக் கடல் மீன் கிடைத்தால் பெரும்பாலும் ஃப்ரீசர் சரக்கு. ஒழுங்காக உறைய வைத்ததென்றால் அதில் தப்பொன்றும் இல்லை, ‘இன்னைக்குப் புடிச்சது’ என்று சொல்வதுதான் தப்பு. புரட்டாசி மலிவு வேறு வகை. பாதி ஊர் கவுச்சி தொடாத மாதம், சரக்கு நகராது, தள்ளுபடி போடுவார்கள். ஞாயிறு தடவி வைத்த மசாலா மீன் புதன்வரை நிற்க வாய்ப்பிருக்கும் மாதம் அது. எலுமிச்சையும் இஞ்சி பூண்டும் வாடையை மறைத்துவிடும். புரட்டாசியில் அந்த அம்மா வந்து கேட்டிருந்தால் இதே வேகத்தில் ‘தாராளமா’ என்றிருப்பேனா? முதலில் உள்ளே போய் மசாலா தடவி வைத்த தட்டின் தேதியைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மெனுவில் ‘ஃபிஷ் டாகோ’ என்பதை ‘பாசா டாகோ’ என்று மாற்ற வேண்டும் என்பது என் பக்கம். “பாசான்னு போட்டா ஆருங்க வாங்குவாங்க?” என்பது முதலாளி பக்கம். சீலாவைச் சீலா என்றே எழுதி விற்க ஒத்துக்கொண்டவர் இதற்கு மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. மீன் இறக்கும் பதிவேட்டில் மட்டும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு மீனின் பெயர், எடை, சூடு இவ்வளவுதான். இப்போது எந்தக் கரையில் எத்தனை மணிக்கு ஏற்றியது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். மீன்காரர் சொல்கிற நேரத்தைத்தான் அதில் எழுத முடிகிறது. நேரம் குறைவாகச் சொல்லி, தெர்மாமீட்டர் 7 காட்டுகிற பெட்டியும் வருகிறது. அப்போது இரண்டையும் எழுதிக்கொள்கிறோம், பெட்டியைத் திருப்பி விடுகிறோம்.