ஃபவுண்டன்ஸ் ஆபே: கம்பளி கட்டிய மடம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், ரிப்பன் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில், ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடிந்து கிடக்கிறது ஃபவுண்டன்ஸ் ஆபே என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம். நம் சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த வைஸ்ராய் ஒரு காலத்தில் இந்த இடிபாடுகளுக்கும் சொந்தக்காரர். அவர் கல்லறை அருகிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் இருக்கிறது.

1132-இல், யார்க் நகர மடத்தில் சொகுசு கூடிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய 13 துறவிகளுக்குப் பேராயர் தர்ஸ்டன் கொடுத்த இடம் இது. அன்று வெறும் முள்ளும் பாறையும். முதல் குளிர்காலத்தில் ஓர் எல்ம் மரத்தடியில் ஒண்டிக்கிடந்தார்களாம். பிறகு கடுமைக்குப் பேர்போன சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். சாயமிடாத அங்கி, பெரும்பாலும் மௌனம், ஓயாத ஜெபம்.

அப்புறம் ஆடுகள் வந்தன. நிலம் தானமாகக் குவியக் குவிய மந்தைகளும் பெருகின. வேலை செய்தவர்கள் ‘லே பிரதர்ஸ்’: எழுத்தறியாத மேய்ப்பர்கள், கல்தச்சர்கள், தோல் பதனிடுவோர். அவர்களும் சபதம் எடுத்தவர்கள்தான், ஆனால் சாப்பாடும் படுக்கையும் தனி. மேற்குப் பகுதியில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு ஓடும் அவர்களுடைய கீழ்த்தளத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு பகுதி கிடங்கு, ஒரு பகுதி உணவுக்கூடம், தூங்கியது மாடியில். தூண்கள் கிளை விரித்து மேலே வளைவுகளாகப் பிரிகின்றன. கூரையிழந்த தேவாலயத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

கம்பளியை இத்தாலிய வணிகர்களுக்கு முன்கூட்டியே விற்றுப் பணம் வாங்கிவிடுவார்கள். ஆடுகளுக்கு நோய் வந்தால் கடன்! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடம் அப்படித் திணறியது. 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கும் ஆள் குறைந்து, பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள்.

சிஸ்டர்சியன் சபையின் ஆரம்பகால விதிகள் கல் மணிக்கோபுரம் கூடாது என்றன. 1495 முதல் 1526 வரை மடாதிபதியாக இருந்த மார்மடூக் ஹ்யூபி என்பவரோ சுமார் 50 மீட்டரில் ஒன்றை எழுப்பி, தன் சின்னத்தையும் பொறித்துவைத்தார். சொகுசை வெறுத்து வந்தவர்களின் மடத்தில் இது! கம்பீரம்தான், ஆனால் கொஞ்சம் தற்பெருமை என்றே எனக்குப் பட்டது.

1539-இல் மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். சொத்து லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரஷாமிடம் போனது. கற்கள் பின்னாளில் பக்கத்திலேயே ஒரு மாளிகைக்குப் பயன்பட்டன. மாவு அரைக்கும் ஆலையை மட்டும் யாரும் இடிக்கவில்லை. அது 1927 வரை ஓடியிருக்கிறது. போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.