‘எதற்காக’ என்றொரு பத்தி

17.07.2025, வியாழன். ஆடி 1

இன்னும் 45 நாள், பிறகு சம்பளம் இல்லை.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டும் இறக்கியாச்சு. மொத்தம் 412 வரி. மளிகை, பெட்ரோல், துணி என்று பிரிப்பதில் பிரயோஜனம் இல்லை. அதை ஆப்பே கலர் கலராக வட்டம் போட்டுக் காட்டுகிறது, பார்க்கிறோம், மூடுகிறோம். பள்ளிச் சீருடையும் துணிதான், ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு தடவை கட்டிய பட்டும் துணிதான். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் எதைக் குறைப்பது என்று எப்படித் தெரியும்?

அதனால் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: எதற்காக. அதில் நாலே சொல்தான் எழுதலாம். வயிறு, கடமை, பெருமை, மறதி. வாடகை, கரண்ட், மருந்து, பஸ் எல்லாம் வயிறு. நாலு பேர் பார்க்க வாங்கியது பெருமை. எதற்கு என்றே நினைவு வராதது மறதி. ‘இதர’ என்று ஒரு பத்தி வைக்கவே கூடாது. வைத்தால் பாதிச் செலவு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

18.07.2025, வெள்ளி

90 வரி முடிந்தது. யூபிஐ வரிகளில் கடைப்பெயர் வருவதில்லை, கடைக்காரர் பெயர்தான் வருகிறது. 340 ரூபாய் வாங்கிய இந்த மனிதர் யார்? காய்க்காரரா, பஞ்சர் கடையா? இனிமேல் பணம் அனுப்பும்போதே குறிப்புக் கட்டத்தில் ஒரு எழுத்து: வ, க, பெ, ம. இரண்டு நொடி வேலை. மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து துப்பறிய வேண்டாம்.

20.07.2025, ஞாயிறு

மறதிப் பத்தியை மட்டும் இன்றைக்கு எடுத்தேன். மாதம் 4,300.

முக்கால்வாசி ஆட்டோபே, மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ள நாம் எப்போதோ கொடுத்த அனுமதி. ஆப்பை போனிலிருந்து தூக்கிவிட்டால் பணம் போவது நின்றுவிடும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. அனுமதி ஆப்பில் இல்லை, பேங்கில் இருக்கிறது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்துக்குப் போனால் உயிரோடு இருக்கும் அனுமதிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். கார்டில் கொடுத்தது அங்கே தெரியாது. அதைக் கார்டு கொடுத்த பேங்கின் தளத்தில் தனியாகத் தேடணும். இரண்டையும் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

15,000 ரூபாய்வரை ஓடிபி கேட்காமலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதே விதிப்படி எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்பியாக வேண்டும். அனுப்பித்தான் இருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி மெசேஜ்களுக்கு நடுவில் அது எங்கே கண்ணில் படும்?

ஏழு ரத்து. ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், 149 ரூபாய், பழைய பாட்டுகள். அதற்கு எந்தப் பத்தி என்று பிறகு யோசிக்கலாம்.

21.07.2025, திங்கள்

கார்டு பில் 42,000. கீழே சின்னதாக ‘மினிமம் டியூ 2,100’.

அதை மட்டும் கட்டினால்? மிச்சம் 39,900. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,397. வட்டிமேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 251. ஆக 1,648. கட்டிய 2,100இல் அசலில் குறைந்தது 452 ரூபாய். இதுவே தாராளமான கணக்கு. உண்மையில் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அதைவிடக் கொடுமை, நிலுவை தீரும்வரை புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் இலவச நாள் கிடையாது, அன்றைக்கே வட்டி.

முழுசாகக் கட்ட முடியாத மாதத்தில் செய்ய வேண்டியது: முடிந்த அளவு அதிகமாகக் கட்டு, நிலுவை பூஜ்யம் ஆகும்வரை அந்தக் கார்டைத் தொடாதே, அன்றாடச் செலவை டெபிட்டுக்கு மாற்று. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யும் பெயரளவில்தான். வட்டியைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான் விடியும்.

முழுசாகக் கட்டிவிட்டேன். கை நடுங்கியது உண்மை.

24.07.2025, வியாழன். ஆடி அமாவாசை

வாழை இலை, எள், வாழைக்காய், அகத்திக்கீரை, 215 ரூபாய். கடமை. யோசிக்கவே இல்லை.

26.07.2025, சனி

நகைச்சீட்டு. மாதம் 5,000, எட்டாவது மாதம்.

ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம் என்று கேட்டால் பதில் சட்டத்தில் இருக்கிறது. 2014இல் வந்த கம்பெனி டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்கு வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள். ஆகவே சட்டத்தின் கண்ணில் இது சேமிப்பே இல்லை, நகைக்கு அட்வான்ஸ். பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம்வரை இருக்கிற காப்பீடு இதற்குக் கிடையாது.

அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்குத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நடுவில் நிறுத்தினால் சலுகை இல்லை. ரொக்கம் திரும்பாது, கட்டிய தொகைக்கு நகை. சேதாரச் சலுகைக்கு உச்சவரம்பு உண்டு. தங்கக் காசாக வாங்கினால் சலுகை பொருந்தாது.

ஒரு பவுனுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராம் 9,100 என்று வைத்துக்கொண்டால் 8 கிராம் 72,800. சேதாரம் 14 சதவீதம், 10,192. ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,490. பில் 85,482. மறுநாள் காலையில் அதே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, அதுவும் முழுசாகக் கொடுத்தால் 72,800. ஒரே ராத்திரியில் 12,682 போச்சு. கல் வைத்ததென்றால் இன்னும் மோசம். பில்லில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்கணும். கல்லைத் தங்க விலையில் வாங்கிவிட்டு விற்கும்போது கழற்றி வைத்துவிட்டு நிறுப்பார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாளம், நகையில் இருக்கிறதா என்பதும் அப்போதே. 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது.

போட்டுக்கொள்ள ஆசை என்றால் இந்த 12,682 ஆசைக்குக் கொடுத்த விலை, தாராளமாகக் கொடுக்கலாம். சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு கொடுப்பதுதான் பொய்க்கணக்கு. நான் அட்டையில் எழுதியிருந்தது ‘மகள் காலேஜுக்கு’. ஆனால் மனதில் இருந்தது ஆவணிக் கல்யாணம், கழுத்து, சித்தி.

பெருமை, 5,000.

30.07.2025, புதன்

நாலு சொல் போதவில்லை.

சாப்பாட்டு ஆர்டர்களை வயிறு என்று போட்டிருந்தேன். தேதியும் நேரமும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் முக்கால்வாசி செவ்வாய், புதன், வியாழன்; ராத்திரி 8.30க்கும் 9.15க்கும் நடுவில். வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. இது பசி இல்லை. ஐந்தாவது சொல்: சோர்வு. மாதம் 8,500.

ஒரு பில்லைப் பிரித்துப் போட்டேன். கடையில் 150க்குக் கிடைப்பது ஆப்பில் 180. பாக்கிங் 20, டெலிவரி 35, பிளாட்பாரக் கட்டணம், வரி. வாசலுக்கு வரும்போது 260 பக்கம். அதில் நூறு ரூபாய்க்குமேல் ‘இன்னொரு தடவை அடுப்படிக்குள் போக முடியாது’ என்பதற்கான கூலி.

சோர்வை ‘இனிமேல் ஆர்டர் பண்ண மாட்டேன்’ என்ற சபதத்தால் நிறுத்த முடியாது. சபதம் எடுப்பது காலையில், ஆர்டர் போடுவது ராத்திரியில். மாவு இருந்தால் நிற்கும். இட்லி அரிசி 4, உளுந்து 1, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஞாயிறு ஒரே தடவை மொத்தமாக அரைத்தால் புதனுக்குள் புளித்துவிடும், புளித்த மாவைப் பார்த்ததும் கை தானாகப் போனுக்குப் போகும். ஆகவே ஞாயிறு பாதி, புதன் பாதி. கூடவே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் மேலே மிதக்கும்படி. ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக நிற்கும். சாதம் வைத்தால் பத்தே நிமிடம்.

01.08.2025, வெள்ளி

இன்னும் 30 நாள்.

பத்திகளின் மாதச் சராசரி: வயிறு 31,200. கடமை 14,600. பெருமை 9,800. மறதி 4,300. சோர்வு 8,500. ஆக 68,400.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு கையில் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எந்தச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. சம்பளத்தை ஆறால் பெருக்கினால் மலைபோல ஒரு தொகை வரும், அதைப் பார்த்தே விட்டுவிடுவோம். பெருக்க வேண்டியது வயிறும் கடமையும் மட்டும். 45,800. ஆறு மாதத்துக்கு 2,74,800.

கையில் இருப்பது 1,62,000. பழைய கையோடு செலவழித்தால் இரண்டு மாதம், பத்துப் பதினோரு நாள். இரண்டு பத்தியோடு நின்றால் மூன்றரை மாதம். ஒரு பைசா கூடாமலே ஒரு மாதத்துக்கு மேல் நீள்கிறது. ராத்திரி இதைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணத்தை யூபிஐ இணைக்காத வேறு பேங்குக்கு மாற்றியாச்சு. எடுக்க வேண்டுமானால் மெனக்கெடணும். அந்த மெனக்கெடல்தான் பூட்டு.

03.08.2025, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நகைக்கடை மெசேஜ் 11. சித்ரான்னம் ஐந்து வகை, வெளிச் செலவு எலுமிச்சம்பழத்துக்கு மட்டும்.

05.08.2025, செவ்வாய்

இன்றைக்குக் கடைசி நாள். பிபிஎஃபில் (பொது வருங்கால வைப்பு நிதி) 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசிவரை எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி போட்டால் அந்தப் பணத்துக்கு ஆகஸ்ட் வட்டி இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், நகரவில்லை. வருஷத்துக்கு 1,50,000தான் உச்சம், 500 கட்டினாலும் கணக்கு சாகாது.

வழக்கமாக 5,000. இந்த மாதம் 500. அவள் கேட்டால் என்ன சொல்வது?

09.08.2025, சனி

மொய் நோட்டு.

இதை எந்தப் பத்தியில் போடுவது என்று மூன்று வாரமாக இழுபறி. முதலில் பெருமை என்று எழுதினேன், அடித்தேன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைப்பார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பந்தலில், கறிச்சோறு போட்டு. வந்த மொய்யை வைத்துக் கிணறு வெட்டுவார்கள், கடை போடுவார்கள்; பிறகு அவரவர் வீட்டு விருந்தில் கூடுதலாகப் போட்டுத் திருப்புவார்கள். ஊரே சேர்ந்து நடத்தும் கைமாற்று அது. அங்கே மொய்யைப் பெருமை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நோட்டில் வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். திருப்ப வேண்டியது கடன், அது கடமை. திருப்பிய பிறகு மேலே சேர்க்கிறோமே, அந்தப் புது மொய்யில்தான் தகராறு. ஒரு சோதனை: என் பெயரை நோட்டில் எழுத மாட்டார்கள் என்றால் எவ்வளவு போடுவேன்? அதுவரை கடமை. மிச்சம் பெருமை.

கடைசி மூன்று வருஷம் கொடுத்தது 61,200. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 1,700. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு பத்திரிகையும் வராது, ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு மூன்று வரும். அதனால்தான் முகூர்த்த மாதத்தில் கார்டு எடுக்கிறோம். வராத மாதத்திலும் 1,700 தனியாக ஒதுங்க வேண்டும்.

ஆனால் மோதிரம்? 2015இல் சித்தி போட்டது 2 கிராம். அப்போது கிராம் சுமார் 2,500, ஐயாயிரத்தில் முடிந்தது. எடைக்கு எடை திருப்பினால் அதே 9,100 கணக்கில் 18,200, சேதாரம் சேர்க்காமல். ரூபாயாகத் திருப்பினால் சித்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பிரச்சினை.

சீட்டுத் தொகைக்கு மோதிரமாக எடுத்துக்கொள்ளலாமா? எட்டு மாதத்துக்கு 40,000. சலுகை கிடைக்காது, சேதாரம் முழுசாக விழும். மோதிரத்துக்கு நிறைய இழுப்பார்கள்.

10.08.2025, ஞாயிறு

மாவு பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிந்தது. பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது.

13.08.2025, புதன்

கரண்ட் இந்த முறை இதுவரை 447 யூனிட். ரீடிங் எடுக்க இன்னும் ஒன்பது நாள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். அந்த 501ஆவது யூனிட் ஒன்றுக்கே இருநூறு ரூபாய்க்குமேல். ஒரு நாளைக்கு ஐந்தே முக்கால்வரை போகலாம். ஏசியை 26இல் வைத்து ராத்திரி மூன்று மணி நேரம், பிறகு ஃபேன்.

19.08.2025, செவ்வாய்

12 நாள். போன் வந்தது. வெள்ளிக்கிழமை சொல்கிறார்களாம்.

பத்து நாளாக ஒரே ஒரு ஆர்டர், அதுவும் மழை நாளில். சோர்வு 262. அந்த 149 ரூபாய்ப் பாட்டுக்கு இன்னும் பத்தி கிடைக்கவில்லை; பெருமை இல்லை, மறதி இல்லை, தினமும் ராத்திரி கேட்கிறேன். வயிறு என்றே எழுதிவிட்டேன்.

மோதிரத்துக்கு நாளைக்கு விலை கேட்கணும். 2 கிராம், கல் இல்லாமல், சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடணும்.